தேன்குழல் பாக்கெட்ல இருக்கிறது 5 லட்சம் கலோரி இல்ல அண்ணே

அண்ணே, தேன்குழல் பாக்கெட்ல 100 கிராமுக்கு 500 கிலோ கலோரின்னு போட்டிருக்கு, அப்படின்னா 5 லட்சம் கலோரி, மனுசனுக்கு ஒரு நாளைக்கு 2000 போதும், நம்ம செட்டிநாட்டுப் பலகாரம் பூராம் விஷம்னு எழுதியிருக்கீங்க. பெருக்குனது சரி, ஒப்பிட்டதுதான் தப்பு. அந்த 2000மே கிலோ கலோரிதான், பேச்சுல கிலோவ விட்டுட்டு வெறும் கலோரின்னு சொல்லிப் பழகிட்டோம். 1 கிராம் தண்ணிய 1 டிகிரி செல்சியஸ் சூடேத்துற அளவு சின்ன கலோரி, அதே 1 கிலோ தண்ணின்னா கிலோ கலோரி, சாப்பாட்டுக் கணக்குல எப்பவும் இந்தப் பெருசுதான். பாக்கெட்ல கிலோ ஜூல்னு (ஆற்றலுக்கு இன்னொரு அளவு) போட்டிருந்தா 4.184ஆல வகுத்துக்கோங்க, கிலோ கலோரி வந்துரும்.

ஆக 100 கிராம்ல ஒரு நாள் தேவையில கால்வாசி. அது கம்மின்னு நான் சொல்லவே இல்ல, எண்ணெய்ல பொரிச்சது, கொழுப்பு கிராமுக்கு 9 கிலோ கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4தான், அதான் இட்லிய விட இது இவ்வளவு ஏறுது. ரெண்டு தேன்குழலோட நிறுத்துனா பிரச்சினையே இல்ல.

கீழ ஒருத்தர் கருப்பட்டி போட்ட பணியாரத்துல கலோரியே கிடையாதுங்கிறார், அதுவும் தப்பு, கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், கிட்டத்தட்ட கிராமுக்கு அதே 4. சுகர் இருக்கிற ஆச்சிமாரு இத நம்பி நாலு பணியாரம் கூடச் சாப்பிட்டுருவாங்க, தயவுசெஞ்சு ரெண்டு பேரும் பதிவ மாத்திடுங்க.