கூலிங் பேப்பரும் முகராசியும்

கண்ணாடியில் ஒட்டியிருந்த கருப்புக் கூலிங் பேப்பருக்காகப் போன மாதம் ஏற்காடு போகும் வழியில் என் காரை நிறுத்தினார்கள். தப்பு என் மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குச் சற்று முன்னால், உள்ளே யானையே உட்கார்ந்திருந்தாலும் தெரியாத அளவுக்குக் கருப்பாக ஒரு வண்டி கட்சிக் கொடி படபடக்க வேகத்தைக்கூடக் குறைக்காமல் போனதைப் பார்த்துவிட்டு அபராதம் கட்டுவது இருக்கிறதே, அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மத்தியான வெயிலில் சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நின்றவர்களுக்கு ஏன் ஒட்டுகிறோம் என்று தெரியும். பின் சீட்டில் அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் வருவார். கடைக்காரர் வேறு, "இது அம்பது பர்சென்ட்ங்கண்ணா, ரூல்ஸ்ல இருக்கறதுதான்" என்றார். நம்பினேன்.

ரூல்ஸில் 50 இருப்பது உண்மைதான். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதி, முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்கிறது. ஆனால் அது கம்பெனியிலிருந்து வரும் கண்ணாடிக்கு. 2012 ஏப்ரலில் அவிஷேக் கோயங்கா வழக்கில் சுப்ரீம் கோர்ட், எத்தனை சதவீதமானாலும் மேலே கருப்பு ஃபிலிம் ஒட்டவே கூடாது என்றது. 2021 ஏப்ரலில் விதி மாறி அதில் 'சேஃப்டி கிளேசிங்' (உள்பக்கம் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியும் இதில் அடங்கும்) நுழைந்தது, அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் வெளிச்சம் அந்த 70, 50 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்றது. ஒட்டுகிற கடைகளுக்கு இந்தக் கடைசி வரி மட்டும் மனப்பாடம்.

அதையே ஒப்புக்கொண்டாலும் கணக்கு இடிக்கிறது. 80 சதவீதம் வெளிச்சம் விடும் கண்ணாடி மேல் 50 பேப்பர் ஒட்டினால் மிஞ்சுவது 40தான். கடைக்காரர் சொல்வது பேப்பரின் கணக்கு, சட்டம் பார்ப்பது கண்ணாடியும் பேப்பரும் சேர்ந்த கணக்கு. (கருப்பாக இருந்தால்தான் சூடு குறையும் என்பதும் கதை. அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம் நிறமில்லாமலே கிடைக்கிறது, விலைதான் இடிக்கும்.)

நிறுத்திய எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் காட்டினேன், வாங்கிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். பேப்பர் எத்தனை சதவீதம் என்று அளந்து பார்க்கலாமே சார் என்றேன், கொஞ்சம் வாய்க்கொழுப்புதான். அவர் கையைக் கண்ணாடியில் குவித்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஆளே தெரியல, இதுல அளக்க என்ன சார் இருக்கு?" என்றார். 500 ரூபாய், அங்கேயே ரசீது.

எனக்கு உறுத்துவது அதுதான். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட யாரும் வெளிச்சம் அளக்கும் மீட்டரோடு நின்று நான் பார்த்ததில்லை. மீட்டர் இல்லாவிட்டால் கண்தான் மீட்டர், அந்தக் கண்ணுக்குக் கொடியும் தெரியும், பம்பரில் இருக்கும் போர்டும் தெரியும், பயந்த முகமும் தெரியும். ஒரு கருவி இருந்தால் அந்த எஸ்.ஐ.க்கும் நல்லதுதான், கொடிக்காரனிடம் நீட்டிக் காட்ட ஒரு எண்ணாவது அவர் கையில் இருக்கும்.

அதற்காகப் பேப்பரை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் இறங்கும்போது நல்ல பனிமூட்டம், 20 கொண்டை ஊசி வளைவுகள், பக்கக் கண்ணாடி வழியாகச் சைடு மிரரைப் பார்த்தால் இருட்டு மட்டும்தான். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியை இறக்கி, குளிரில் தலையை வெளியே நீட்டிப் பார்த்துத்தான் அடிவாரம் வந்து சேர்ந்தேன். பின்னால் அம்மா, "இதுக்குத்தான் காசு குடுத்து ஒட்டுனியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் ஹேர் டிரையரும் பிளேடும் வைத்து நானே உரித்தேன். பின் கண்ணாடியில் மட்டும் பசை இன்னும் போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டும் பார்த்துவிட்டேன், யாருக்காவது வழி தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.