ஞாயிறு ஓய்வைப் பவுல் சோம்பேறித்தனம் என்று சொன்னாரா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சபை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "வேலை செய்யாதவன் சாப்பிடக்கூடாது என்று பவுலே சொல்லிவிட்டார். ஞாயிறன்று கடையை மூடுகிறவன் சோம்பேறி. அறுவடை நேரத்தில் ஓய்வு ஏது?" இது தவறு.

பைபிளில் பவுல் எழுதிய கடிதமான 2 தெசலோனிக்கேயர் 3:10-ல் உள்ள சொல் "வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்" என்பதுதான். ஆறு நாள் ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் டைல்ஸ் வார்த்துவிட்டு ஏழாம் நாள் முதுகைச் சாய்ப்பவரை அது தொடவே இல்லை. உடம்புக்கு முடியாதவரையும் வேலை கிடைக்காமல் அலைபவரையும்கூட அது தொடவில்லை. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். வேலை செய்யாமல் வீணாகத் திரிந்தவர்களைப் பற்றிய பேச்சு அது.

அறுவடைக் கேள்விக்கு யாத்திராகமம் 34:21 நேராகவே பதில் சொல்கிறது: விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஏழாம் நாள் ஓய்ந்திருக்க வேண்டும்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் வீட்டுத் தலைவருக்கு மட்டும் உரியதல்ல. வேலைக்காரன், வேலைக்காரி, வாசலில் இருக்கும் அந்நியன், கால்நடை எல்லோருக்கும் உண்டு. சமையலுக்கு வரும் அக்காவுக்கு விடுப்புத் தராமல் நாம் மட்டும் ஆராதனையில் போய் உட்கார்ந்தால் கட்டளையில் பாதிகூட நிறைவேறாது என்பேன்.

சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்த சீடர்களை இயேசுவே தனியிடத்துக்கு இளைப்பாற அழைத்தார் (மாற்கு 6:31).

சரி, வேலையே சாபம் என்று சிலர் சொல்கிறார்களே? அதுவும் பிழை. ஆதாமுக்குத் தோட்ட வேலை கொடுக்கப்பட்டது ஆதியாகமம் 2:15-ல். பாவமும் சாபமும் வருவது அதற்குப் பிறகு, 3-ஆம் அதிகாரத்தில்.