டயரைச் சாலையை விட்டு இறக்காதீர்கள்

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

எதைச் சொல்கிறேன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா, அங்கே ஒயிட் ரிம் என்ற மண்சாலை. மணல் வந்ததும் ஆறு சைக்கிள்கள் வரிசையாகச் சாலையை விட்டு இறங்கி, ஓரத்துக் கறுப்பு மண்மேல் ஐம்பது அடி ஓடி, மறுபடி சாலையில் ஏறுகின்றன. கீழே முழுக்க இதயக் குறிகள். ஓட்டியவர்கள் நம் ஆட்கள்தான், நல்ல மனிதர்கள். அவர்கள் பெயரை யாரும் இங்கே எழுத வேண்டாம், எழுதினால் அழித்துவிடுவேன். என் வருத்தம் அவர்கள்மேல் இல்லை. "அது உயிருள்ள மண், அதன்மேல் ஏற்றாதீர்கள்" என்று நான் ஒரே ஒரு கமெண்ட் போட்டதற்கு வந்த பதில்கள்மேல்தான்.

"இவ்ளோ பெரிய பாலைவனத்துல ரெண்டு டயர் பட்டா குடி முழுகிடுமா ப்ரோ?"

முழுகும்.

அந்த மண்ணைக் குனிந்து பாருங்கள். எட்டி நின்றால் தீய்ந்துபோன மண் போலத் தெரியும். கிட்டே போனால் குட்டிக் குட்டிக் கோபுரங்களாக, மேடும் பள்ளமுமாக எழும்பி நிற்கும். அதைக் கட்டுவது நீலப்பச்சைப் பாசி. மழைத்துளி பட்டதும் அதன் இழைகள் மண்துகள்களுக்கு நடுவே நகர ஆரம்பிக்கும். நகர்ந்த வழியெல்லாம் பிசின் மாதிரி ஓர் உறையை விட்டுவிட்டுப் போகும். காய்ந்தபிறகு அந்த உறைதான் மணலைக் கோத்துப் பிடித்திருக்கிறது. காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துச் செடிக்குக் கொடுப்பதும் அதே பாசிதான். நெல் வயலுக்கு நீலப்பச்சைப் பாசி உரம் போட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்! இதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காய்ந்த இழை அப்பளம் மாதிரி நொறுங்கும். டயர் ஏறிய இடத்தில் கோபுரங்கள் தரைமட்டமாகி, உள்ளேயிருக்கும் வெளிர்மணல் ஒரு கோடாகத் தெரியும். மேல்தோல் மெலிசாகத் திரும்பிவர 5 முதல் 7 ஆண்டு. உள்ளே இருந்த உறையும் சத்தும் பழையபடி சேர 50 ஆண்டுகூட ஆகலாம் என்று பூங்காத் துறையே சொல்கிறது. பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கன் படர இன்னும் அதிகம் ஆகும். அந்த ஐம்பது அடியைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

"சைக்கிள் என்ன ஜீப்பா? நடந்தாலும்தானே மண் நொறுங்கும்?" என்று ஒரு நண்பர். நடந்தாலும் நொறுங்கும், அதனால்தான் நடப்பவர்களையும் நடைபாதையிலும் பாறைமேலும் வறண்ட ஓடையின் மணலிலும் மட்டும் போகச் சொல்கிறார்கள். ஆனால் காலடி விட்டுவிட்டு விழுகிறது. டயர் தடம் அறுபடாத ஒரே கோடு. மழை பெய்தால் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வாய்க்கால் பறிக்கும். காற்று அடித்தால் அந்தக் கோட்டிலிருந்து கிளம்பும் மணல் பக்கத்தில் நன்றாக இருக்கும் பாசியையும் மூடும். வெயில் படாவிட்டால் பாசி சாகும். நீங்கள் அழித்தது உங்கள் டயர் அகலத்தோடு நிற்பதில்லை.

இன்னொரு கேள்வி நியாயமானது. "அந்தச் சாலையே 1950களில் யுரேனியம் தேட அணுசக்தி ஆணையம் போட்டதுதானே? அவர்கள் புல்டோசர் விட்டார்கள், எங்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?" உண்மைதான், மறுக்க மாட்டேன். 1964ல் பூங்கா ஆவதற்கு முன்பு அங்கே நடந்ததை யாரும் நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தலைமுறை செய்த காயத்தைக் காட்டி, பக்கத்தில் நாமும் ஒன்று கீறலாம் என்பது எப்படிச் சரியாகும்? அந்தப் பழைய சாலை இருக்கிறது, அதில் ஓட்டுங்கள். அங்கே சைக்கிளுக்குத் திறந்திருப்பது சாலைகள் மட்டும்தான். நடைபாதை ஒன்றில்கூடச் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நூறு மைல் வட்டம் நமக்குத் தந்திருக்கிறார்கள். அதற்கு வெளியே ஓர் அடியும் வேண்டாம்.

"மணலில் வேறு எப்படித்தான் ஓட்டுவதாம்?" என்று கேட்டவருக்குத்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. ஏனென்றால் சாலையை விட்டு இறங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கெட்ட எண்ணத்தோடு இறங்குவதில்லை, மணலில் ஓட்டத் தெரியாமல் இறங்குகிறார்கள்.

டயர் காற்றில் ஆரம்பியுங்கள். 2.4 அங்குல ட்யூப்லெஸ் டயர், 75 கிலோ ஆள் என்றால் பாறைச் சாலைக்கு முன்னால் 20, பின்னால் 23 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). நீள மணல் வந்தால் நின்று, இரண்டிலும் 3 பிஎஸ்ஐ இறக்குங்கள். 16க்குக் கீழே போனால் அடுத்த பாறைப்படியில் ரிம் அடிபடும், டயர் ஓரம் கிழியும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தெல்லாம் இது தெரியாது, காற்றழுத்தம் காட்டும் சின்ன கேஜ் ஒன்று பையில் இருக்கட்டும். மணல் தாண்டியதும் மறுபடி காற்றடிக்கச் சோம்பல் படாதீர்கள்.

மணலுக்குள் போனபிறகு கியர் மாற்றினால் தாமதம். பத்தடி முன்பே இரண்டு கியர் இலகுவாக்குங்கள். இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, முன்சக்கரத்தின் பாரத்தைக் குறையுங்கள். அந்த வீடியோவில் முதல் ஆள் ஏன் தடுமாறினார் என்று நிறுத்திப் பாருங்கள். ஹேண்டில்பாரில் கனமான பை, உடம்பு முழுக்க முன்னால். முன்சக்கரம் கலப்பை மாதிரி மணலில் இறங்குகிறது, ஹேண்டில்பார் மடங்குகிறது, பயத்தில் அவர் பிரேக்கைப் பிடிக்கிறார். அதற்குப் பிறகுதான் ஓரத்துக் கறுப்பு மண் கெட்டியாக இருப்பது கண்ணில் படுகிறது. கெட்டியாக இருப்பதே அந்தப் பாசி பிடித்து வைத்திருப்பதால்தான்!

பையைப் பின்னால் மாற்றுங்கள், இல்லையென்றால் துணைக்கு வரும் ஜீப்பில் போடுங்கள். கை தளர்வாக இருக்கட்டும், பாரைத் திருப்பாமல் உடம்பைச் சாய்த்துத் திருப்புங்கள், பெடலை ஒரே சீராகச் சுற்றுங்கள். காலையில் மணல் கொஞ்சம் இறுகியிருக்கும், மதியம் மாவாகிவிடும். இவ்வளவும் செய்து சக்கரம் புதைந்தால் இறங்கித் தள்ளுங்கள். நன்றாக ஓட்டுகிறவர்களும் அங்கே தள்ளுகிறார்கள். தள்ளுவதில் ஓர் அவமானமும் இல்லை.

எங்கே தள்ள வேண்டியிருக்கும் என்பதும் முன்கூட்டியே தெரிந்ததுதான். மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் ஷேஃபர் வளைவுகளில் இறங்கி, கடிகாரச் சுற்றில் போனால் முதல் நாள் பெரும்பாலும் பாறையும் கல்லும். அங்கே பயம் பிரேக்குக்குத்தான். ஆயிரம் அடிக்கு மேல் இறக்கம், பிரேக்கைப் பிடித்தபடியே போனால் பிரேக் டிஸ்க் கொதித்துப் பிடி தளரும். விட்டுவிட்டுப் பிடியுங்கள், புதுப் பிரேக் பேட் போட்டுப் போங்கள். ஏறக்குறைய பாதியில் மர்ஃபி ஹாக்பேக் ஏற்றம். ஆழமான மணல் வருவது அதற்கெல்லாம் பிறகு, கிரீன் ஆற்றுப் பக்கம், பொட்டேட்டோ பாட்டம், ஹார்ட்ஸ்கிராபிள் மேடு என்று. அதாவது கால் ஓய்ந்து, தண்ணீர் குறைந்து, பொறுமை போன நேரத்தில். டயர் சாலையை விட்டு இறங்குவது அப்போதுதான்.

அதனால் தண்ணீர்க் கணக்கும் இதே பேச்சில்தான் வருகிறது. சாலை நெடுகக் குடிநீர்க் குழாய் ஒன்று கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது 4 லிட்டர்க்குச் சற்றுக் குறைவு, என்பது குறைந்தபட்சம். வெயிலில் மிதிப்பவருக்குச் சமையலோடு 7 லிட்டர் வையுங்கள். ஆறு பேர், மூன்று நாள்: 126 லிட்டர். 20 லிட்டர் கேன் ஏழு. ஒரே பெரிய டேங்கில் நிரப்பாதீர்கள், ஒரு விரிசலில் எல்லாம் போய்விடும். ஆற்று நீரை நம்பிப் போகாதீர்கள், வண்டல் அரை மணியில் ஃபில்டரை அடைத்துவிடும். பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரில் கைகூட வைக்க வேண்டாம். அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சிற்றுயிர்கள் வாழ்கின்றன, நம் உடம்பில் பூசிய சன்ஸ்கிரீனே அவற்றுக்கு நஞ்சு. துணைக்கு வரும் வண்டி லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஏற உதவும் கியர்) உள்ள, தரையிலிருந்து நல்ல உயரமுள்ள ஃபோர் வீல் டிரைவ் ஆக இருக்க வேண்டும். அங்கே நின்றுபோன வண்டியை இழுத்துவர ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும்.

இதையெல்லாம் சொன்னால் "பயமுறுத்துறீங்க, புதுசா வர்றவங்க எப்படி வருவாங்க" என்கிறார்கள். வரட்டும் என்றுதானே இவ்வளவும் எழுதுகிறேன்? பகல் பயணத்துக்கு 2015 முதல் அனுமதிச் சீட்டு வேண்டும், ஒரு நாளைக்குச் சைக்கிளுக்கு ஐம்பதுதான். அந்த ஐம்பதில் நம் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் என்னைவிட யார் சந்தோஷப்படுவார்கள்?

கடைசியாக வந்த வார்த்தைதான் ராத்திரி தூங்க விடவில்லை. "வெள்ளைக்காரனுக்குச் சொம்பு தூக்குறீங்க." ஒரு பாசியை மிதிக்காதே என்று சொன்னதற்கு இது. நம் ஆளை நாமே விட்டுக்கொடுக்கிறோமாம். தெருவில் நம் வீட்டுப் பிள்ளை தவறு செய்தால் கையைப் பிடித்து நிறுத்துவது விட்டுக்கொடுப்பதா? அந்த மண் வெள்ளைக்காரர்களோடு வந்ததும் இல்லை. மேலே அஸ்டெக் பியூட் என்ற குன்றின் பாறை இடுக்குகளில் கல்லால் கட்டிய குதிர்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான புவெப்லோ மக்களின் முன்னோர்கள் தானியம் சேர்த்து வைத்தவை. அவர்கள் பார்த்த அதே கறுப்பு மண்தான் இது. யாருக்காகவும் நான் சொம்பு தூக்கவில்லை. பேச வாயில்லாத ஒன்றுக்காகப் பேசினேன்.

வீடியோ போட்ட நண்பரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அதை எடுத்துவிடுங்கள். நீங்கள் கெட்டவர் என்பதற்காக இல்லை. அதைப் பார்த்துவிட்டு அக்டோபரில் போகிறவர்கள் அதே வளைவில் இறங்குவார்கள்.

அக்டோபரில் போகிறவர்களுக்கும்: எதிரே ஜீப் வந்தால் சாலை ஓரத்திலேயே நில்லுங்கள், வெறும்பாறை இருந்தால் அதன்மேல் ஏறுங்கள். படம் எடுக்கச் சைக்கிளைச் சாய்ப்பதும் பாறைமேல்தான். அந்த இடத்துக்கு வரும்போது வெளிர்மணல் கோடு கண்ணில் படும், ஏற்கெனவே தடம் இருக்கிறதே என்று தோன்றும். இறங்கித் தள்ளுங்கள்.