கிரீட முத்திரை அரச உடைமையைக் காட்டுவதில்லை

பலர் பகிர்ந்துவரும் படங்களிலுள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி, குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய வகை. குழலின் அடியில் கிரீடமும் குறுக்கிட்ட செங்கோல்களும் இருப்பதால் அது பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்குச் சொந்தமானது என்று அவர்கள் சொல்கிறார்கள். அந்த முத்திரைக்கு அப்படிப் பொருள் இல்லை.

அது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத் துப்பாக்கிச் சோதனைச் சாலையின் முத்திரை. 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த அந்தச் சோதனைச் சாலையில், வழக்கத்தைவிட அதிக மருந்து இட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கிய குழலில் முத்திரை குத்துவார்கள். செங்கோல்களோடு 'பி.பி.சி.' (BPC) என்றிருந்தால் சுட்டுச் சோதித்தது. 'வி' (V) என்றிருந்தால் கண்ணால் பார்த்துத் தேறியது. இந்த வடிவம் 1904 வரை புழங்கியது. சாதாரண விவசாயி வாங்கிய துப்பாக்கியிலும் இதே கிரீடம்தான்.

வீட்டில் இத்தகைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நீங்களே பார்க்கலாம். முதலில் மருந்து கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டு, அது இறங்கும் ஆழத்தை அளந்து, பழைய மருந்து தங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; இதை விளையாட்டாக எண்ண வேண்டாம். பிறகு குழலைக் கட்டையோடு பிணைக்கும் ஆப்பைத் தள்ளிக் குழலைக் கட்டையிலிருந்து எடுத்தால் அடிப்புறம் முத்திரைகள் தெரியும். அருகில் 14 என்று இருந்தால் அது குழலின் உள்விட்ட அளவு: ஒரு பவுண்டு ஈயத்தைப் 14 சம குண்டுகளாக வார்த்தால் ஒரு குண்டின் விட்டம், ஏறத்தாழ 17.6 மி.மீ. வெர்னியர் காலிப்பரால் சரிபார்க்கலாம்.

பிரிட்டிஷ் அரசின் படைக்கலத் துறை உடைமைக்கு அடையாளம் அகன்ற அம்புக்குறி. இந்தப் படங்களில் அது எங்கும் இல்லை.