விலைக்குக் காரணம் இரிடியம் அன்று
ஓஎல்இடி (மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் பொருள் கொண்ட) திரைகளின் விலைக்கு இரிடியம் என்ற அரிய உலோகமே காரணம், அதை நீக்கினால் விலை பாதியாகிவிடும் என்று சொல்லப்படுவது சரியன்று. ஒளி உமிழும் அடுக்கின் தடிமனே சில பத்து நானோமீட்டர்தான். அதிலும் இரிடியம் சேர்மம் சிறு பங்காகவே கலக்கப்படுகிறது. செலவு கூடும் இடம் வேறு: வெற்றிட அறையில் ஆவியாக்கப்படும் பொருளில் பெரும்பகுதி திரையின் கண்ணாடியில் படியாமல், பிக்சல்களின் இடத்தைக் குறிக்கும் நுண்துளைகள் கொண்ட உலோகத் தகட்டிலும் அறைச் சுவரிலும் படிந்து வீணாகிறது, அந்தத் தகடு வெப்பத்தில் சற்றே விரிந்தாலும் பிக்சல்கள் இடம் மாறி, திரையையே கழித்துக்கட்ட நேரிடும். மேலும், சாதாரண ஒளிர்பொருள் மின்சாரத்தால் உருவாகும் கிளர்நிலைகளில் (ஆற்றல் ஏறிய மூலக்கூறு நிலைகளில்) ஏறத்தாழ 25 விழுக்காட்டையே ஒளியாக்கும். இரிடியம் சேர்மமோ கொள்கையளவில் அனைத்தையும் ஒளியாக்க வல்லது. சிவப்பிலும் பச்சையிலும் அதை நீக்கிவிட்டுச் சாதாரண ஒளிர்பொருளை வைத்தால், அதே வெளிச்சத்துக்குக் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படும். (நீலத்தில் இரிடியம் சேர்மம் நெடுங்காலம் இடம்பெறாததற்கு விலையைவிட ஆயுள் சிக்கலே முதன்மைக் காரணம்.)