போவியின் பெயர்களும், அவர் நடிக்காத படங்களும்

ஆங்கில ராக் பாடகரும் நடிகருமான டேவிட் போவி பற்றிப் பேச்செடுத்தால் ரசிகர்கள் இரண்டு கேள்விகளையே சுற்றிச் சுற்றி வருவார்கள். மனுஷனுக்கு மொத்தம் எத்தனை பெயர்? அந்தப் படத்தில் நடிக்க இருந்தாராமே, நிஜமா? ஒருவர் பெயர்ப் பட்டியல் போடுவார், இன்னொருவர் வதந்திப் பட்டியல் போடுவார். இரண்டிலும் பாதி தப்பாக இருக்கும். என் கட்சி இதுதான்: பெயர்களை ஒழுங்காகப் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பட வதந்திகளில் ஏமாறுவது வெகுவாகக் குறைந்துவிடும். ஏனென்றால் இவர் விஷயத்தில் பெயர் வைப்பதும் வேஷம் கட்டுவதும் ஒரே தொழில்.

ஜிகி ஸ்டார்டஸ்ட், அலாடின் சேன், ஹாலோவீன் ஜாக், தின் ஒயிட் டியூக் என்று வரிசையாக எழுதி, மேலே 'போவியின் மேடைப்பெயர்கள்' என்று தலைப்புப் போடுகிறார்கள். நாலில் ஒன்றுகூட மேடைப்பெயர் இல்லை, நாலும் வேஷங்கள். கடைசிவரை அவர் தொழிலுக்கு வைத்திருந்த பெயர் டேவிட் போவி. பாஸ்போர்ட்டுக்கும் பத்திரத்துக்கும் உரிய பெயர் டேவிட் ராபர்ட் ஜோன்ஸ். 1947 ஜனவரி 8, லண்டன் பிரிக்ஸ்டனில் பிறந்தபோது வைத்தது. அதை அவர் சட்டப்படி மாற்றவே இல்லை. 2009-ல் 'மூன்' படத்தை இயக்கிய மகனின் பெயர் டங்கன் ஜோன்ஸ் என்று இருப்பதற்குக் காரணம் அதுதான். போவி இறந்தபின் நீதிமன்றத்துக்கு வந்த உயிலும் ஜோன்ஸ் பெயரில்தான் இருந்தது. அவருடைய பழைய ஆல்பங்களின் மறுவெளியீடுகளில் பொடி எழுத்தில் இருக்கும் உரிமை வரியைப் படித்துப் பாருங்கள்: 'ஜோன்ஸ்/டின்டொரெட்டோ என்டர்டெய்ன்மென்ட்' என்று இருக்கும். பாடியது போவி, பணத்துக்குக் கையெழுத்துப் போட்டது ஜோன்ஸ்.

ஆரம்ப கால இசைத்தட்டுகளில் இந்தப் பெயர்க் குழப்பம் இன்னும் சுவாரசியம். 1964 ஜூனில் வோக்கலியன் லேபிளில் வந்த முதல் சிங்கிள் 'லிசா ஜேன்'. அதில் இருப்பது 'டேவி ஜோன்ஸ் வித் த கிங் பீஸ்'. பாடலை எழுதியவர் என்று அச்சானது மேனேஜர் லெஸ்லி கான் பெயர். 1965 மார்ச்சில் பார்லஃபோன் வெளியிட்ட அடுத்த தட்டில் 'த மேனிஷ் பாய்ஸ்' என்று குழுவின் பெயர் மட்டும்தான். தன் பெயரைத் தனியாகப் போடவில்லை என்று அவருக்குக் கடுப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடி டேவி ஜோன்ஸ், இந்தத் தடவை ஆங்கில எழுத்துக்கூட்டு கொஞ்சம் மாறியிருக்கும். 1966 ஜனவரி 14-ல் பை லேபிளில் வந்த சிங்கிளில்தான் முதன்முதலாக 'டேவிட் போவி வித் த லோயர் தேர்ட்' என்று அச்சானது. பழைய தட்டு வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு உபயோகம் உண்டு. 1964, 65 பாடல்களில் 'போவி' என்று லேபிளில் போட்ட தட்டை யாராவது 'ஒரிஜினல்' என்று நீட்டினால் பர்ஸை மூடிவிடுங்கள். அது பிற்கால மறுபதிப்பு.

பெயரை ஏன் மாற்றினார் என்பதற்கு எல்லோரும் ஒப்பிக்கிற பதில் ஒன்று இருக்கிறது: 'மங்கீஸ் குழுவின் டேவி ஜோன்ஸ் பிரபலமாகிவிட்டார், அதனால் மாற்றினார்.' தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது நிற்காது. அந்தப் பாப் குழுவை வைத்து வந்த மங்கீஸ் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது 1966 செப்டம்பரில். இவர் பெயரை மாற்றியது அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1965 செப்டம்பரில். அதே டேவி ஜோன்ஸ்தான் காரணம், ஆனால் மங்கீஸ் காரணம் இல்லை. மான்செஸ்டரைச் சேர்ந்த அந்தப் பையன் அதற்கு முன்பே பிராட்வேயில் 'ஆலிவர்!' இசை நாடகத்தில் நடித்து டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். 1965-ல் அமெரிக்காவில் அவர் பாட்டும் வெளிவந்துகொண்டிருந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு டேவி ஜோன்ஸ் இருக்கிறார் என்ற சேதி மேனேஜர் ரால்ஃப் ஹார்ட்டன் காதுக்கு வந்ததும் மாற்ற முடிவாயிற்று. 1836-ல் டெக்சஸின் அலமோ கோட்டையில் செத்த ஜிம் போவி, அவர் பெயரால் வழங்கும் கத்தி, அங்கிருந்து எடுத்தது இந்தப் பெயர்.

இனி ரசிகர்கள் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஒரு பெயர்: ஆர்னல்ட் கார்ன்ஸ். 1971-ல் போவியின் கை வேறு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தது. அதனால் இந்தப் பெயரில் ஒரு குழுவை உண்டாக்கி, பி அண்ட் சி லேபிளில் ஒரு சிங்கிள் விட்டார். ஒரு பக்கம் 'மூனேஜ் டேட்ரீம்', மறுபக்கம் 'ஹேங் ஆன் டு யுவர்செல்ஃப்'. குழுவின் தலைவர் என்று படத்தில் நிறுத்தியது ஃப்ரெடி பரெட்டி என்ற ஆடை வடிவமைப்பாளரை. குரல் போவி, முகம் பரெட்டி. தட்டு போணியாகவில்லை. ஆனால் அடுத்த வருஷம் ஜிகி ஆல்பத்தில் அதே இரண்டு பாட்டும் புதுப் பதிவாக வந்து உட்கார்ந்துகொண்டன. கற்பனையாக ஒரு ராக் நட்சத்திரத்தைச் செய்து, பாட்டைக் கொடுத்து, ஆடை மாட்டி, முகத்துக்கு ஆள் போடும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது. முதல் தடவை வேஷத்துக்கு வெளியாளைப் போட்டார், இரண்டாம் தடவை தானே போட்டுக்கொண்டார். ஜிகியை மேடைப்பெயர் என்று சொல்லக்கூடாது என்று நான் அடம் பிடிப்பது இதனால்தான்.

அந்த வித்தியாசம் தெரியாமல் அன்றைக்கே பலர் ஏமாந்தார்கள். 1973 ஜூலை 3, லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன். கடைசிப் பாட்டுக்கு முன்னால் மைக்கில், இந்தச் சுற்றுப்பயணத்துக்கு மட்டுமல்ல, நாங்கள் செய்யப்போகும் கடைசி நிகழ்ச்சியே இதுதான் என்று அறிவித்தார். கிதார் வாசித்த மிக் ரான்சனுக்கு முன்பே தெரியும். பேஸ் வாசித்த ட்ரெவர் போல்டருக்கும் டிரம்ஸ் வாசித்த வுடி வுட்மன்சிக்கும் வேலை போன விஷயம் மேடையில்தான் தெரிந்தது. போவி இசையை விட்டுப் போகிறார் என்று செய்தி பரவியது. ஓய்வு பெற்றது ஜிகி. போவியின் அடுத்த ஆல்பம் அதே ஆண்டே வந்துவிட்டது.

1997-ல் இன்னொரு கூத்து. தன் பழைய பாடல்களின் வருமானத்தை ஈடாக வைத்து 5.5 கோடி டாலருக்குப் 'போவி பாண்டு' என்ற கடன்பத்திரத்தை வெளியிட்ட அதே வருஷம், இங்கிலாந்தின் ஃபீனிக்ஸ் விழாவில் 'டாவ் ஜோன்ஸ் இண்டெக்ஸ்' என்ற பெயரில் டிரம் அண்ட் பேஸ் வாசித்தார். அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீட்டையும் தன் சொந்தக் குடும்பப் பெயரையும் ஒரே அடியில் கிண்டல் செய்த பெயர்.

சரி, படங்கள். போவி நிஜமாகவே நடித்த பட்டியல் நீளமானது என்பதுதான் வதந்திகளுக்கு உரம். 'நடிக்க இருந்தார்' என்று எதைச் சொன்னாலும் நம்பும்படி இருக்கும். அதனால் ஒவ்வொரு சேதியும் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். இயக்குநர் மனதில் நினைத்தாரா? ஆள் அனுப்பிக் கேட்டாரா? நடிகர் தேர்வுக்குப் போனாரா? அழைப்பு வந்து மறுத்தாரா? கேமரா ஓடியதா? பத்திரிகைகள் முதல் படியை நாலாம் படி மாதிரி எழுதும். பகிர்கிறவர் அதைக் கடைசிப் படிக்குத் தூக்கிவிடுவார்.

ஜேம்ஸ் பாண்ட் சேதி நாலாம் படி. 1985-ல் வந்த 'எ வியூ டு எ கில்' படத்தின் வில்லன் மேக்ஸ் ஸோரின் பாத்திரத்துக்கு அழைத்தார்கள், அவர் மறுத்தார். மாதக்கணக்கில் தன் டூப் மலையிலிருந்து விழுவதை வேடிக்கை பார்க்க மனமில்லை என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார். சம்பந்தப்பட்டவர் வாயாலேயே வந்தது, சந்தேகமே வேண்டாம். பாத்திரம் கிறிஸ்டோபர் வாக்கனுக்குப் போயிற்று.

'பிளேட் ரன்னர் 2049' முதல் படி. நியாண்டர் வாலஸ் பாத்திரத்துக்குத் தன் முதல் தேர்வு போவி என்று இயக்குநர் டெனி வில்னவ் 2017-ல் சொன்னார். படப்பிடிப்பு தொடங்கியது 2016 ஜூலையில். போவி இறந்தது 2016 ஜனவரி 10. இதை 'போவி ஒப்புக்கொண்ட கடைசிப் படம்' என்று எழுதுவது அநியாயம்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' சேதியில் நிறையக் கலப்படம். எல்ராண்ட் வேடம் என்று ரசிகர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். மெரியாக நடித்த டொமினிக் மோனஹன், லண்டனில் நடிகர் தேர்வு அலுவலகத்தில் போவி உள்ளே வந்ததைப் பார்த்ததாகச் சொன்னபின் அது மந்திரவாதி காண்டால்ஃப் வேடம் ஆகிவிட்டது. அவர் பார்த்தது ஆள் வந்ததைத்தான். எந்த வேடத்துக்கு என்பது அவருடைய ஊகம்.

மறுத்தார் என்ற செய்தி உண்மையாக இருந்தும் படத்தில் ஆள் இருப்பதும் உண்டு. 2006-ல் வந்த 'த பிரஸ்டீஜ்' அப்படித்தான். நிகோலா டெஸ்லா வேடத்தை முதலில் வேண்டாம் என்றார். கிறிஸ்டோபர் நோலன் நியூயார்க்குக்கே போய் மறுபடி கேட்டுச் சம்மதிக்க வைத்தார்.

தேதி பார்ப்பதில் இன்னொரு பொறி: வெளியான ஆண்டை வைத்துக் கணக்குப் போடுவது. 'த ஹங்கர்', ஜப்பானிய இயக்குநர் ஓஷிமாவின் 'மெரி கிறிஸ்துமஸ் மிஸ்டர் லாரன்ஸ்' இரண்டும் 1983-ல் வெளியாயின. அதே ஆண்டு மே முதல் டிசம்பர் வரை அவர் உலகச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். எப்படி முடிந்தது என்று வியக்கவே வேண்டாம், இரண்டும் 1982-லேயே எடுத்து முடித்தவை.

நடிகராக அவரை எடை போட என்னைக் கேட்டால் படங்களைவிட 'த எலிஃபன்ட் மேன்' நாடகத்தைச் சொல்வேன். 1980 செப்டம்பரிலிருந்து 1981 ஜனவரித் தொடக்கம் வரை பிராட்வேயின் பூத் தியேட்டரில், உருக்குலைந்த உடலோடு வாழ்ந்த ஒரு நிஜ மனிதரை வைத்து எழுதிய ஜான் மெரிக் பாத்திரத்தில் நடித்தார். உருக்குலைந்த உடலைக் காட்ட ஒப்பனை எதுவும் கிடையாது. உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு குரலை மாற்றியே முழு நாடகத்தையும் தாங்கவேண்டும். தயாராவதற்காக லண்டன் மருத்துவமனைக்குப் போய் மெரிக்கின் மிச்சங்களைப் பார்த்துவந்தார். 1967, 68-ல் லிண்ட்சே கெம்ப்பிடம் பேச்சில்லா நடிப்பான மைம் பயின்ற உடம்பு அது.

இதற்கு நேர் எதிர் முறை 1996-ன் 'பாஸ்கியா' படம். அதில் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் வேடம். விக், கண்ணாடி, ஜாக்கெட் மூன்றையும் பிட்ஸ்பர்க் வார்ஹோல் அருங்காட்சியகத்திலிருந்து இரவல் வாங்கினார்கள். வார்ஹோலே போட்டிருந்தவை. 1971-ல் வார்ஹோலைப் பற்றித் தான் எழுதிய பாட்டை அவரிடமே போட்டுக்காட்டியவர் போவி. பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை, போவியின் மஞ்சள் ஷூ பிடித்தது.

'லேபிரிந்த்' பட ரசிகர்களுக்கு ஒரு சேதி: அதில் அவர் பாத்திரம் கையில் உருட்டுகிற கண்ணாடி உருண்டைகளை நிஜத்தில் உருட்டியது போவி இல்லை. மைக்கேல் மோஷன் என்ற வித்தைக்காரர் அவர் முதுகுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, தன் கையை முன்னால் நீட்டி, உருண்டையைப் பார்க்காமலேயே உருட்டினார். ஆனால் 'மேஜிக் டான்ஸ்' பாட்டில் குழந்தை சிணுங்கும் சத்தம் போவியுடையது. ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்த குழந்தை வாயே திறக்கவில்லையாம்.

'த மேன் ஹூ ஃபெல் டு எர்த்' பற்றி 'போவியின் காணாமல்போன பின்னணி இசை' என்று வருவதில் பாதி உண்மை. 1975-ல் நியூ மெக்சிகோவில் நடித்து முடித்தபின் இசைக்கான வேலையில் இறங்கினார். கடைசியில் படத்தில் வந்தது ஜான் ஃபிலிப்ஸ் தொகுத்த இசை. படம் அவருக்குத் தந்தது வேறொன்று: 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்', 'லோ' இரண்டு ஆல்பங்களின் அட்டைப்படமும் அதிலிருந்து எடுத்தவை. தின் ஒயிட் டியூக்கின் தலைமுடியும் விறைப்பும்கூட அந்தப் படத்தில் அவர் ஏற்ற நியூட்டன் பாத்திரத்திடமிருந்து இறங்கியவைதான். படத்து வேஷம் மேடை வேஷமாயிற்று. அதே நியூட்டனைத் தொடர்ந்து 2015 டிசம்பரில் நியூயார்க்கில் 'லாசரஸ்' நாடகம் வந்தபோது, போவி நடிக்கப்போகிறார் என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். நடித்தவர் மைக்கேல் சி. ஹால். போவி என்டா வால்ஷோடு சேர்ந்து எழுதினார், தொடக்க நாளன்று வந்து நின்றார், அவ்வளவுதான்.

இன்னும் ஓயாத வதந்தி 'ட்வின் பீக்ஸ்' தொலைக்காட்சித் தொடர் பற்றியது. 2017 தொடரில் அவருடைய ஃபிலிப் ஜெஃப்ரிஸ் பாத்திரம் வருவதைப் பார்த்துவிட்டு, சாவதற்கு முன் ரகசியமாக நடித்துக் கொடுத்தார் என்கிறார்கள். அதில் இருப்பது அதே கதையின் 1992 படத்துக்காக எடுத்த பழைய காட்சி. அதைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: தான் பேசிய தென்மாநில உச்சரிப்பு தனக்கே பிடிக்காததால், லூசியானாக்காரர் ஒருவரை வைத்து டப்பிங் செய்யவேண்டும். அதனால் குரல்கூட அவருடையதில்லை. கேமரா முன் புதிதாக நின்று அவர் நடித்துத் திரைக்கு வந்த கடைசிப் படம் 2009-ன் 'பேண்ட்ஸ்லாம்'. அதில் அவர் ஏற்ற பாத்திரம் டேவிட் போவி.