பிரைட்டன் கல்லும் காசிமேட்டுப் பாறையும்

லீவில் திருவொற்றியூர் வந்தால் போதும், "இங்கிலாந்துல பீச்சு எப்டிப்பா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். "செம சுத்தமா இருக்கும்ல?" என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சுத்தம் என்பது பாதிதான் உண்மை. பலத்த மழை பெய்தால் அங்கேயும் கழிவுநீரைக் கடலில் திறந்துவிடுகிறார்கள். குளிக்க வேண்டாம் என்று எச்சரிக்கை வரும்.

நான் இருக்கும் பிரைட்டனில் கரை முழுக்கக் கூழாங்கல். செருப்பில்லாமல் நாலு எட்டு வைத்தால் உயிர் போகும். நல்ல கோடையிலேயே தண்ணீர் 17, 18 டிகிரிதான். அதில் டிசம்பர் மாதம் கூடப் பாட்டிகள் ஜாலியாக நீந்துகிறார்கள். 1860இல் தொடங்கிய நீச்சல் கிளப் இன்னும் நடக்கிறது. கடலோரத்தில் பிறந்த நான் முழங்காலோடு திரும்பிவிடுவேன்.

இதைச் சொன்னதும் காசிமேட்டுச் சித்தப்பா கேட்டார்: "கல்லு தானடா? அத்த இங்கியே லாரி லாரியா கொட்டி வச்சிகிறானுங்களே. இதுக்கா ஃப்ளைட் ஏறிப் போன?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கல் கடல் கொண்டுவந்தது. நம்முடையது, கடல் ஊருக்குள் வராமலிருக்கப் போட்ட பாறை. நம் பக்கம் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளும். 1870களில் சென்னைத் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியதிலிருந்து அந்த மணலுக்கு வழி அடைபட்டது. தெற்கே தேங்கி மெரினா அகலமானது. வடக்கே, எங்கள் பக்கம், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. மெரினாவின் அகலத்தைப் பற்றி யாராவது பெருமை பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். அது எங்களுக்கு வர வேண்டிய மணல் சாமி!

பிரைட்டன் பக்கமும் இதே கூத்துதான். அங்கே கல் மேற்கேயிருந்து கிழக்கே நகரும். நடுவில் ஷோரம் துறைமுகம் மறிக்கிறது. ஆனால் மேற்கே சேர்ந்த கல்லை அள்ளி, லாரியில் ஏற்றி, துறைமுகத்தைத் தாண்டிக் கிழக்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். கடல் செய்யும் வேலையை மறித்தவன், அந்த வேலையைத் தானே செய்கிறான். வெள்ளைக்காரன் கடற்கரையில் நான் பொறாமைப்படும் ஒரே விஷயம் அந்த லாரிதான்.

சித்தப்பாவுக்குப் பிடித்தது வேறு. கிழக்கே ஹேஸ்டிங்ஸ் என்று ஓர் ஊர். மீன்பிடிப் படகுகள் கல்கரை மேலேயே நிற்கும். கடலுக்குள் தள்ளப் புல்டோசர். போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "வலைய எங்க வெப்பான்?" உயர உயரமாக நிற்கும் கறுப்பு மரக் கொட்டகைகளைக் காட்டினேன், அந்தக் காலத்தில் வலை வைக்கக் கட்டியவை. "இவ்ளோ ஒசரமா?" என்றவர், ரொம்ப நேரம் போனைத் திருப்பித் தரவில்லை.

வெளிநாட்டுக்காரனுக்குத்தான் இதெல்லாம் முடியும் என்று கமெண்டில் வராதீர்கள். புதுச்சேரியிலும் துறைமுகத்தால் கடற்கரை காணாமல்தான் போயிருந்தது. கடலுக்கடியில் தடுப்பு அமைத்து, மணல் கொட்டி, 2018க்குப் பிறகு ஒரு பகுதியை மீட்டிருக்கிறார்கள். இங்கேயும் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்ட இடங்களில் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. அது போதாது. துறைமுகத்துக்குத் தெற்கே சேரும் மணலில் ஒரு பங்கை வடக்கே அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்பதில் என்ன தப்பு? செலவைத் துறைமுகம்தான் ஏற்க வேண்டும், மீனவக் குப்பமல்ல.